அழற்சிக்கு மருந்தாகும் குயினோலின்: ஒரே வளையம், எதிரெதிர் குணங்கள்

ஆய்வகச் சுண்டெலியின் முதுகில் ரோமத்தை மழித்துவிட்டு, 5 சதவீத இமிகுவிமோட் களிம்பை நாள்தோறும் தடவுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் தோல் சிவக்கிறது. ஐந்தாறு நாளில் தடித்து, செதில் செதிலாக உரியத் தொடங்குகிறது. பார்ப்பதற்குச் சொரியாசிஸ் போலவே இருக்கும். இப்படி வலிய வரவழைத்த அழற்சியை எந்தப் புதிய மருந்து தணிக்கிறது என்று பார்க்கும் முறை 2009க்குப் பிறகு உலகெங்கும் பரவிவிட்டது. குயினோலின் என்ற வேதி வளையத்தை வைத்து உருவாக்கப்படும் அழற்சி எதிர்ப்பு மருந்துகளும் இந்தச் சோதனைக்கு வருகின்றன. ஆனால், தோலை எரியவிட்ட இமிகுவிமோட்டின் மூலக்கூறை வரைந்து பார்த்தால், அதற்குள் இருப்பதும் அதே குயினோலின் வளையம்தான்.

மூட்டியதும் குயினோலின், அணைக்க வருவதும் குயினோலின். “குயினோலின் சேர்மங்கள் அழற்சியைத் தணிக்கும் இயல்புடையவை” என்று ஆய்வுக் கட்டுரைகள் பலவும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுகின்றன. அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சுண்டெலிதான் நினைவுக்கு வரும். வளையத்துக்கென்று பிறவிக் குணம் எதுவும் கிடையாது. அதன் எந்த மூலையில் எந்தக் கிளை ஒட்டியிருக்கிறது, உடலுக்குள் போனபின் எங்கே போய்த் தங்குகிறது, கல்லீரல் அதை என்னவாக மாற்றுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் ஒரு குயினோலினை மருந்து என்று அழைக்க முடியாது. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. சில முறை மிகக் கொடுமையாக.

குயினோலின் என்பது இரட்டை வளையம். ஒரு பென்சீன் வளையமும் ஒரு பிரிடின் வளையமும் ஒரு பக்கத்தைப் பங்கிட்டுக்கொண்டு ஒட்டி நிற்கும். கார்பன் 9, ஹைட்ரஜன் 7, நைட்ரஜன் 1, அவ்வளவுதான். 1834இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்லிப் ரூங்கே இதை நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1842இல், பிரான்சின் சார்லஸ் ஜெரார் சிங்கோனா மரப்பட்டையின் சாரங்களைக் காரத்தோடு சேர்த்து வாலை வடித்தபோது எண்ணெய் போன்ற ஒரு பொருள் கிடைத்தது. அதுவும் இதுவும் ஒன்றே என்பது பின்னால் தெரியவந்தது. மலேரியாவுக்கு மருந்தான குயினின் 1820இலேயே பெல்த்தியே, காவென்த்தூ இருவராலும் சிங்கோனா பட்டையிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது. அந்தக் குயினினின் எலும்புக்கூட்டில் இந்த வளையம் இருக்கிறது. குயினோலின் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததே.

மருந்து வேதியியலாளர்கள் இந்த வளையத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம் மிகச் சாதாரணமானது: இதைச் செய்வது எளிது. 1880இல் ஸ்டென்கோ ஸ்க்ராப் அனிலின், கிளிசரால், கந்தக அமிலம், நைட்ரோபென்சீன் ஆகியவற்றைச் சேர்த்துச் சூடாக்கிக் குயினோலின் செய்து காட்டினார். 1881இல் டோப்னரும் மில்லரும், 1882இல் ஃபிரீட்லாண்டரும், 1886இல் ஃபிட்ஸிங்கரும் வேறு வேறு வழிகளைக் கண்டார்கள். எந்த இடத்தில் கிளை வேண்டுமோ அதற்கேற்ற வழியைத் தேர்ந்துகொள்ளலாம். வளையத்தின் இடங்களுக்கு 1 முதல் 8 வரை எண் உண்டு; நைட்ரஜன் இருப்பது 1. இந்த எண்கள் இனி அடிக்கடி வரும்.

இன்னொரு காரணம் அதன் உருவம். தட்டையான வளையம் என்பதால் புரதங்களின் இடுக்குகளுக்குள் சீட்டைச் செருகுவது போல் நுழையும். நைட்ரஜன் இருப்பதால் ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஒரு கொக்கி கிடைக்கிறது. கூடவே காரத்தன்மையும் வருகிறது. இந்தக் காரத்தன்மைதான் முதல் பெரிய வெற்றிக்கும் முதல் பெரிய பக்கவிளைவுக்கும் ஒருசேரக் காரணமாயிற்று.

அந்த வெற்றியை யாரும் தேடிப் போகவில்லை. 1894இல் லண்டனில் பெய்ன் என்ற மருத்துவர், நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோயில் குயினின் பலன் தருவதாகச் சொற்பொழிவில் சொன்னார். அது பெரிதாக எடுபடவில்லை. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. வெப்பமண்டலக் காடுகளில் போரிட்ட நேச நாட்டு வீரர்களுக்கு மலேரியா வராமலிருக்க மெப்பாகிரின் மாத்திரை கொடுக்கப்பட்டது. குயினோலினோடு இன்னொரு பென்சீன் வளையம் ஒட்டிக்கொண்டால் வரும் அக்ரிடின் வகை அது. குயினோலினுக்கு ஒன்றுவிட்ட உறவு. தோல் மஞ்சளாகிவிடும் அளவுக்கு வீரர்கள் அதைச் சாப்பிட்டார்கள். அவர்களில் சிலருக்கு இருந்த தோல் தடிப்பும் மூட்டுவலியும் குறைந்தது கவனத்துக்கு வந்தது. 1951இல் ஃபிரான்சிஸ் பேஜ் என்ற மருத்துவர், மெப்பாகிரின் கொடுத்த 18 லூபஸ் நோயாளிகளின் விவரத்தை லான்செட் இதழில் வெளியிட்டார். அதன் பிறகு கதவு திறந்துகொண்டது. பேயர் நிறுவனத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் 1934இலேயே செய்து வைத்திருந்த குளோரோகுயினும், அதன் பக்கச் சங்கிலியில் ஒரு ஹைட்ராக்சில் சேர்த்துச் செய்த ஹைட்ராக்சிகுளோரோகுயினும் மூட்டு நோய் மருத்துவத்துக்குள் நுழைந்தன. பின்னதற்கு அமெரிக்காவில் 1955இல் அனுமதி கிடைத்தது. இன்றும் லூபஸ் நோயாளிக்கு எழுதப்படும் முதல் மருந்து அதுதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு மருந்துகளிலும் குயினோலினின் 7ஆம் இடத்தில் ஒரு குளோரின், 4ஆம் இடத்தில் ஓர் அமினோ சங்கிலி. சங்கிலியின் நுனியில் இன்னொரு நைட்ரஜன். ஆக, புரோட்டானைப் பிடித்துக்கொள்ள இரண்டு கைகள். ரத்தத்தில் அமிலக் காரக் குறியீடு 7.4, செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் என்ற செரிமானப் பைக்குள் அது 5க்கும் கீழே. மின்சுமை இல்லாத நிலையில் மருந்து சவ்வைக் கடந்து பைக்குள் நழுவிவிடுகிறது. உள்ளே அமிலம்; இரண்டு கைகளும் புரோட்டானைப் பிடித்துக்கொள்கின்றன. மின்சுமை ஏறிய மூலக்கூறு சவ்வைக் கடந்து வெளியே வர முடியாது. உள்ளே போக வழி உண்டு, திரும்பி வர வழி இல்லை. இப்படியே சேர்ந்து சேர்ந்து, வெளியே இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக உள்ளே குவிகிறது. பையின் அமிலத்தன்மை குறைந்துபோகிறது.

லூபஸில் இதனால் என்ன நன்மை? உடலின் சொந்த ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. துணுக்குகளைப் பகையென்று நினைத்துக் கூச்சல் போடும் டி.எல்.ஆர்-7, டி.எல்.ஆர்-9 என்ற ஏற்பிகள் இந்த வகைப் பைகளுக்குள்தான் இருக்கின்றன. அவை இயங்க அமிலம் வேண்டும். அமிலம் குறைந்தால் கூச்சலும் அடங்குகிறது. புரதத்தைத் துண்டாக்கி மற்ற வெள்ளணுக்களிடம் காட்டிக்கொடுக்கும் வேலையும் மந்தமாகிறது. நோயெதிர்ப்பு முற்றிலும் முடங்காமல் அதன் பதற்றம் மட்டும் தணிவதால், மற்ற பல மருந்துகளில் இருக்கும் தொற்று அபாயம் இதில் குறைவு. நிலைமை சீராக இருந்த லூபஸ் நோயாளிகளில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் மீண்டும் கிளம்பும் வாய்ப்பு 2.5 மடங்கு கூடியது என்று 1991இல் கனடா ஆய்வுக் குழு காட்டியது.

இதே குவியும் குணம்தான் கண்ணையும் கெடுக்கிறது. விழித்திரையின் நிறமிச் செல்களில் உள்ள மெலனினோடு இந்த மருந்து ஒட்டிக்கொள்ளும். ஆண்டுக் கணக்கில் சேரும். நடுப்பார்வையைச் சுற்றி வட்டமாக விழித்திரை தேய்ந்துபோகும். அப்படித் தேய்ந்தது திரும்ப வராது. 2014இல் வெளிவந்த மெல்ஸ், மார்மோர் ஆய்வின்படி, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாமல் எடுத்துக்கொண்டால் முதல் பத்து ஆண்டில் இந்த ஆபத்து 2 சதவீதத்துக்கும் கீழ். இருபது ஆண்டு தாண்டினால் ஏறத்தாழ 20 சதவீதம். அதனால்தான் ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். நன்மையும் தீமையும் ஒரே வேதிக் காரணத்திலிருந்து பிறக்கும்போது, ஒன்றை வெட்டி எறிந்து மற்றதை மட்டும் வைத்துக்கொள்வது எளிதல்ல. குயினோலின் மருந்துகளைச் செப்பனிட முயல்பவர்களின் உண்மையான சிக்கல் இதுவே.

2020ஆம் ஆண்டை இங்கே தாண்டிப் போக முடியவில்லை. செல் வளர்ப்பில் கொரோனா வைரஸைத் தடுத்தது என்பதை வைத்து ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்குப் பெரும் கூச்சல் எழுந்தது. அமெரிக்காவில் மார்ச் மாத இறுதியில் அவசர அனுமதி தரப்பட்டது. ஜூன் 15இல் திரும்பப் பெறப்பட்டது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு அதே ஜூனில் சொல்லிவிட்டது. இடைப்பட்ட வாரங்களில் பல ஆண்டுகளாக அந்த மாத்திரையை நம்பியிருந்த லூபஸ் நோயாளிகள் மருந்துக் கடைகளிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். குயினோலின் போன்ற காரச் சேர்மங்கள் லைசோசோமில் குவிந்தாலே செல் வளர்ப்பில் பலவிதமான ‘பலன்’ தெரியும். அதை உண்மையான மருந்துச் செயலாக எடுத்துக்கொண்டதற்குக் கொடுத்த விலை அது.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் தற்செயலாகக் கிடைத்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, வீக்கத்துக்கும் மூட்டுவலிக்கும் என்றே விற்ற குயினோலின் ஒன்று உண்டு. இப்போது பலர் அதை மறந்துவிட்டார்கள். மறந்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

அதன் பெயர் சின்கோஃபென். அனிலின், பென்சால்டிஹைடு, பைருவிக் அமிலம் மூன்றையும் சேர்த்துச் சூடாக்கினால் கிடைக்கும். குயினோலினின் 2ஆம் இடத்தில் ஒரு பென்சீன் வளையம், 4ஆம் இடத்தில் ஒரு கார்பாக்சிலிக் அமிலம். அவ்வளவு எளிய அமைப்பு. 1908இல் நிகோலாயர், டோர்ன் என்ற இருவர், இது யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது என்று கண்டார்கள். அட்டோஃபான் என்ற பெயரில் கௌட் என்னும் மூட்டு நோய்க்கு விற்பனைக்கு வந்தது. வலியும் வீக்கமும் உண்மையிலேயே குறைந்தன. மருத்துவர் சீட்டு இல்லாமலே பலர் வாங்கி விழுங்கினார்கள். 1920களில் மஞ்சள் காமாலை பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. சிலருக்குக் கல்லீரல் முழுவதுமாக அழிந்தது, இறந்தார்கள். எத்தனை நாள் சாப்பிட்டால் ஆபத்து, எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. நாய்களுக்குக் கொடுத்தால் வயிற்றில் புண் வருவது அவ்வளவு உறுதியாக இருந்ததால், இரைப்பைப் புண்ணை ஆராய விரும்பியவர்கள் சின்கோஃபெனைப் புண் வரவழைக்கும் கருவியாகவே பயன்படுத்தினார்கள்.

இந்தக் கதை அதோடு முடியவில்லை. 1980களில் டூபாண்ட் நிறுவனத்தார் பிரிகுயினார் என்ற சேர்மத்தை உருவாக்கினார்கள். அதன் வரைபடத்தைப் பார்த்தால் திடுக்கிடுவோம்: 2ஆம் இடத்தில் பென்சீன் வளையங்கள், 4ஆம் இடத்தில் கார்பாக்சிலிக் அமிலம். சின்கோஃபெனின் அதே சட்டகம், கொஞ்சம் நீட்டி, இரண்டு ஃபுளோரின் சேர்த்தது. ஆனால் இது செய்யும் வேலை வேறு. வேகமாகப் பெருகும் வெள்ளணுக்கள் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. கட்டத் தேவைப்படும் பிரிமிடின் என்ற மூலப்பொருளின் தயாரிப்பில் ஒரு படியை, டி.எச்.ஓ.டி.எச். என்ற நொதியை, இது அடைத்துவிடுகிறது. இதே நொதியைத் தடுக்கும் லெஃப்ளுனோமைடு முடக்குவாதத்துக்கு 1998இல் அனுமதி பெற்றது. அது குயினோலின் வகை இல்லை. பிரிகுயினார் புற்றுநோய்க்கும் உறுப்பு மாற்றத்துக்கும் சோதிக்கப்பட்டது. பலன் தரும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடையே போதிய இடைவெளி இல்லாமல் தடுமாறியது. ஆனாலும் அந்த நொதியை ஆராய்பவர்களுக்கு அது இன்னும் அளவுகோலாக இருக்கிறது. கொஞ்சம் நீட்டியதும் அதே சட்டகம் முற்றிலும் வேறு இலக்கைத் தேடிப்போய்விடுகிறது. ‘குயினோலின் குணம்’ என்று பேசுவதில் ஏன் பொருளில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இலக்கை முதலில் வைத்து, அதற்குப் பொருந்தும் குயினோலினைத் தேடிச் செய்த வெற்றிக் கதையும் உண்டு. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுருக்கி, வீங்கவைத்து, சளியைப் பெருக்கும் ஒரு பொருள் இருக்கிறது என்பது 1938லிருந்தே தெரியும். மெதுவாக வேலை செய்யும் பொருள் என்றே அதை அழைத்தார்கள். 1979இல் சுவீடனின் பெங்ட் சாமுவேல்சன் அந்த வகைப் பொருள்களுக்கு லியூகோட்ரைன் என்று பெயர் வைத்தார். வெள்ளணுவிலிருந்து வருவது, அடுத்தடுத்து மூன்று இரட்டைப் பிணைப்பு கொண்டது என்பது பெயரின் பொருள். அடுத்தடுத்த இரட்டைப் பிணைப்பு என்றால் அந்தப் பகுதி தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். அந்தத் தட்டைப் பகுதிக்கு மாற்றாகத் தட்டையான குயினோலினை வைக்கலாம் அல்லவா?

கனடாவின் மெர்க் ஃப்ராஸ்ட் ஆய்வகத்தில் அதுதான் நடந்தது. சேகரிப்பில் இருந்த ஆயிரக்கணக்கான சேர்மங்களைச் சலித்தபோது ஸ்டைரில்குயினோலின் வகை ஒன்று லியூகோட்ரைன் ஏற்பியில் பலவீனமாக ஒட்டியது. அதை வைத்துக்கொண்டு 7ஆம் இடத்தில் குளோரின், மறுமுனையில் அமிலம் என்று ஒவ்வொன்றாகச் செதுக்கினார்கள். எம்.கே-571 வந்தது. பிறகு வெர்லுகாஸ்ட் வந்தது. மனிதர்களிடம் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததால் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அடுத்து வந்தது மாண்டெலுகாஸ்ட். 1998 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, நாளுக்கு ஒரு மாத்திரை என்று உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. குளோரோகுயினிலும் 7ஆம் இடத்தில் குளோரின், இதிலும் 7ஆம் இடத்தில் குளோரின். ஆனால் இது லைசோசோமில் சிறைபடும் காரம் அல்ல, ஏற்பியில் போய்ப் பொருந்தும் அமிலம். சங்கிலியை மாற்றியதும் பிறவியே மாறிவிட்டது. இதிலும் முழு நிம்மதி இல்லை. தூக்கக் கலக்கம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை பற்றி 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்து நிர்வாகம் மிகக் கடுமையான எச்சரிக்கைக் கட்டத்தை மருந்துக் குறிப்பில் சேர்த்தது. சந்தைக்கு வந்து 22 ஆண்டு கழித்து.

புதிய குயினோலின் சேர்மம் ஒன்று அழற்சியைத் தணிக்கிறது என்று முதலில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? 96 குழி கொண்ட, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழியிலும் எலியின் பெருவிழுங்கிச் செல்கள். பாக்டீரியாவின் வெளிச்சுவர்ப் பொருள் ஒன்றைச் சொட்டு விட்டால் செல்கள் கிருமி வந்துவிட்டதாக நினைத்து நைட்ரிக் ஆக்சைடைக் கக்கும். சோதிக்க வேண்டிய சேர்மத்தையும் சேர்த்து ஒரு நாள் வைக்கிறார்கள். மறுநாள் மேல்நீரை எடுத்து, கிரீஸ் (Griess) என்ற நிறம் காட்டும் கரைசலை விட்டால், நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு உருவானதோ அவ்வளவுக்குச் செந்நிறம் ஏறும். சில நிமிடத்தில் தட்டு முழுக்க ரோஜா நிறம் விரிகிறது. நடுவில் சில குழிகள் மட்டும் வெளுத்தே நிற்கின்றன. அந்த வெளுத்த குழிகளைப் பார்க்கும்போது ஆய்வாளரின் நெஞ்சு அடித்துக்கொள்வது இயல்பு. மாதக்கணக்கில் சமைத்த சேர்மம் வேலை செய்கிறதே!

அங்கேதான் பொறுக்க வேண்டும். குழி வெளுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: செல்கள் செத்துப்போயிருக்கலாம். செத்த செல் நைட்ரிக் ஆக்சைடு கக்காது. குயினோலின்களில் பல செல்லைக் கொல்லக்கூடியவை; இந்த வளையத்தை வைத்துப் புற்றுநோய் மருந்துகளும் செய்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. அதனால் அதே செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று தனியாக ஒரு சோதனை கட்டாயம். அதைக் காட்டாமல் வெளுத்த குழியை மட்டும் காட்டும் கட்டுரையை நான் நம்புவதில்லை. கணினியில், அழற்சியைத் தூண்டும் பொருள்களைத் தயாரிக்கும் காக்ஸ்-2 நொதியின் பள்ளத்துக்குள் குயினோலினைப் பொருத்திக்காட்டும் வண்ணப்படங்களும் அப்படியே. படம் ஒரு யோசனையைத் தரும். நொதியைக் குழாயில் போட்டுத் தடுத்துக் காட்டினால்தான் அது சான்று.

அடுத்த படி விலங்கு. கடற்பாசியிலிருந்து எடுக்கும் காராஜீனன் கரைசலை எலியின் பின்னங்காலில் ஊசியால் செலுத்தினால் சில மணி நேரத்தில் பாதம் வீங்கும். பாதத்தை நீரில் அமிழ்த்தி, எவ்வளவு நீர் விலகுகிறது என்று அளந்து வீக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். 1962லிருந்து இருக்கும் எளிய முறை. இண்டோமெதசின் என்ற பழைய அழற்சி மருந்தோடு ஒப்பிட்டு, அதைவிட நன்று, அதற்குச் சமம் என்று எழுதுவது வழக்கம். இது சில மணி நேர வீக்கம். முடக்குவாதமோ லூபஸோ பத்து, இருபது ஆண்டுக் கணக்கு. சின்கோஃபெனைக் கொன்றது எதுவோ, குளோரோகுயினைக் கண்ணில் கொண்டுபோய் நிறுத்தியது எதுவோ, அது இந்தச் சில மணி நேரத்தில் தலைகாட்டாது.

விலங்கு காட்டாததை மனித உடல் காட்டிய ஒரு நிகழ்வு, குயினோலினோடு பழகும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது. எஸ்.ஜி.எக்ஸ்-523 என்பது புற்றுநோய்க்காகச் செய்த குயினோலின் சேர்மம். எலியிலும் நாயிலும் பாதுகாப்புச் சோதனை செய்தார்கள். பெரிய குறை தெரியவில்லை. மனிதர்களுக்குக் கொடுத்தபோது நாளுக்கு 80 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்த 6 பேருக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. ஆய்வு நிறுத்தப்பட்டது. காரணம் குயினோலினின் 2ஆம் இடம். நைட்ரஜனுக்குப் பக்கத்துக் கார்பன் அது. அங்கே கிளை எதுவும் இல்லாமல் வெறுமையாக இருந்தால் கல்லீரலில் உள்ள ஆல்டிஹைடு ஆக்சிடேஸ் என்ற நொதி அங்கே ஓர் ஆக்சிஜனைச் செருகிவிடும். அப்படிப் பிறந்த பொருள் நீரில் கரையவில்லை. சிறுநீரகத்தில் படிகமாக உறைந்தது. நாயின் கல்லீரலில் இந்த நொதி இல்லை. எலியில் மனிதரைவிடக் குறைவு. சோதனைக்கு எடுத்த இரண்டு விலங்குகளும் இந்த ஒரு விஷயத்தில் மனிதரைப் போன்றவை அல்ல.

ஒரு மூலையில் ஒரு ஹைட்ரஜன் இருப்பதா, வேறொன்று இருப்பதா என்பதில் இத்தனை அடங்கியிருக்கிறது. கிளையே இல்லாத வெறும் குயினோலின் எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும். அதன் 3ஆம் இடத்தில் ஒரு ஃபுளோரினை வைத்தால் மரபணுவைச் சிதைக்கும் குணம் போய்விடுகிறது. காரச் சங்கிலி கொண்ட குயினோலின்கள் இதயத்தின் பொட்டாசியம் வழியை அடைத்து, துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் அபாயமும் உண்டு. இவை யாவும் மருந்து செய்யும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள். வெளுத்த குழியைப் பார்த்த உற்சாகத்தில் கடைசிக்குத் தள்ளப்படும் கேள்விகளும் இவைதான்.

சுவீடனின் லுண்ட் நகரில் தொடங்கிய குயினோலின் கார்பாக்சமைடு வரிசை இதற்குப் பெரும் விலை கொடுத்தது. ரோகுயினிமெக்ஸ், நரம்புகளின் உறையை நோயெதிர்ப்பே அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு நம்பிக்கை ஊட்டியது. மாரடைப்பு உள்ளிட்ட விளைவுகளால் 1997இல் ஆய்வுகள் நிறுத்தப்பட்டன. அதைச் செப்பனிட்டு வந்த லாகுயினிமோட் மூன்றாம் கட்ட ஆய்வு வரை போயும் பலன் சுமார்தான். 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை அனுமதி மறுத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் குயினோலினைக் கைவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இப்போது வருபவை முந்தையவற்றைவிடக் கூர்மையானவை. டி.எல்.ஆர்-7 ஏற்பியை எடுத்துக்கொள்வோம். முதலில் பார்த்த சுண்டெலியின் தோலில் இமிகுவிமோட் தட்டி எழுப்புவது இந்த ஏற்பியைத்தான். நோயெதிர்ப்பைத் தூண்டும் இந்தக் குணத்தால்தான் 1997இல் அது பாலுறுப்பு மருக்களுக்கு மருந்தாக அனுமதி பெற்றது. மருவில் வைரஸ் இருக்கிறது, அங்கே நோயெதிர்ப்பைத் தூண்டுவது நல்லது. லூபஸில் இதே ஏற்பி தேவையில்லாமல் விழித்துக்கிடக்கிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் பையின் அமிலத்தையே குறைத்துச் சுற்றி வளைத்து அதை அடக்குகிறது. எம்.5049 என்று தொடங்கி எண்பட்டோரான் என்று பெயர் பெற்ற புதிய சேர்மமும் குயினோலின்தான். 8ஆம் இடத்தில் ஒரு சயனோ கிளை. அது டி.எல்.ஆர்-7, டி.எல்.ஆர்-8 ஏற்பிகளில் நேரடியாகவே போய் உட்கார்ந்து கதவைச் சாத்துகிறது. லூபஸ் நோயாளிகளிடம் இரண்டாம் கட்ட ஆய்வுக்கு வந்திருக்கிறது.

பெருங்குடலில் புண் வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோய்க்கு ஓபெஃபாசிமோட் வேறொரு திசையிலிருந்து வருகிறது. பிரான்சின் அபிவாக்ஸ் நிறுவனம் இதை முதலில் எச்.ஐ.வி.க்காகத் தேடியது. ஆர்.என்.ஏ.வைப் பதப்படுத்தும் புரதக் கூட்டில் ஒட்டிக்கொண்டு, மைக்ரோ ஆர்.என்.ஏ-124 என்ற சிறு துணுக்கின் அளவைக் கூட்டிவிடுகிறது என்று தெரிந்தது. அந்தத் துணுக்கு அழற்சிச் செய்திகளைக் குறைக்கும் இயற்கைக் கடிவாளம். நோயெதிர்ப்பை ஒரேயடியாக முடக்காமல் உடலின் சொந்தக் கடிவாளத்தையே இறுக்கிப் பிடிக்கும் இந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வரைபடத்தையும் பாருங்கள்: 8ஆம் இடத்தில் குளோரின், 2ஆம் இடம் வெறுமையாக இல்லை, அங்கே ஓர் அமினோ கிளை உட்கார்ந்திருக்கிறது. எஸ்.ஜி.எக்ஸ்-523இல் நொதி நுழைந்த அந்த வாசல் இதில் அடைபட்டிருக்கிறது. உடலுக்குள் போனதும் பெரும்பகுதி, சர்க்கரை அமிலத் துணுக்கு ஒன்று ஒட்டிய குளுக்குரோனைடு வடிவமாக மாறி, அந்த வடிவத்தில் நெடுநேரம் ரத்தத்தில் சுற்றுகிறது.

2025 ஜூலையில் இதன் மூன்றாம் கட்ட ஆய்வுகள் இரண்டின் முடிவுகள் அறிவிக்கப்பட்டன. நாளுக்கு 50 மில்லிகிராம் எடுத்தவர்களில், நோய் அடங்கியவர்களின் விகிதம் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட 8 வாரத்தில் 16.4 சதவீதப் புள்ளி கூடுதல். ஊசி மருந்துகளுக்கும் நோய் அடங்காதவர்கள் அதில் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இது சிறிய எண் இல்லை. 8 வாரம் என்பது தொடக்கக் கட்டம். அதைத் தொடர்ந்து 44 வாரப் பராமரிப்புக் கட்டம் வைத்திருக்கிறார்கள். அடங்கிய நோய் அடங்கியே இருக்கிறதா என்று பார்ப்பது அந்த 44 வாரத்தின் வேலை. கல்லீரல் நொதிகளின் அளவு, இதயத் துடிப்பின் வரைபடம், ரத்த அணுக்களின் எண்ணிக்கை என்று அதே வாரங்களில் சேரும் மற்ற அட்டவணைகளைத்தான் நான் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.